பிரசவத்தோடு முடியாத இரத்த அழுத்தம்

2014ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் எனக்கு ஏழாம் மாத வளைகாப்பு நடந்தது. இரண்டு கைகளிலும் அடுக்கியிருந்த கண்ணாடி வளையல்கள் கையை அசைக்கும்போதெல்லாம் கலகலவென்று ஒலித்தன. அந்த ஓசை வயிற்றுப் பிள்ளைக்குக் கேட்கும் என்று வந்திருந்த பெண்கள் சொன்னார்கள். வளைகாப்பு முடிந்ததும் அம்மா என்னைத் திருப்பூரிலிருந்து சங்கரன்கோவில் பக்கத்திலுள்ள எங்கள் ஊருக்கு அழைத்து வந்துவிட்டார். வந்து நான்கு வாரம் ஆகியிருக்கும். ஒரு நாள் காலையில் வாசலில் கோலம் போடக் குனிந்தபோது, கையிலிருந்து ஓசையே வரவில்லை என்பதைக் கவனித்தேன். வளையல்கள் ஒன்றோடொன்று மோத இடமில்லாமல் கையோடு இறுகி, தோலில் சிவந்த வரிகளாகப் பதிந்திருந்தன. மோதிரத்தைச் சோப்புத் தேய்த்தும் கழற்ற முடியவில்லை.

"பிள்ளைத்தாச்சிக்கு உடம்பு ஊதாம இருக்குமா?" என்றார் அம்மா. அவர் சொன்னதில் பாதி உண்மை. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் மாலை நேரத்தில் கால் வீங்குவது பெரும்பாலான பெண்களுக்கு உண்டு, காலை உயர்த்தி வைத்துப் படுத்தால் அது வடிந்தும் விடும். ஆனால் கையும் முகமும் சில நாட்களுக்குள் ஊதுவதும், ஒரே வாரத்தில் ஒன்றரைக் கிலோ, இரண்டு கிலோ என்று எடை ஏறுவதும் வேறு வகையைச் சேர்ந்தவை. வீக்கத்தை மட்டும் வைத்துக் கர்ப்பகால இரத்த அழுத்த நோயை உறுதி செய்ய முடியாது, வீக்கமே இல்லாமலும் நோய் வரலாம். எனினும் அந்த மாற்றம் இரத்த அழுத்தத்தை அன்றே பார்க்கச் சொல்லும் அறிகுறி. நான் பத்து நாள் காத்திருந்தேன்.

இதில் நான் வருந்திச் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. திருப்பூரில் என்னைப் பார்த்த மருத்துவரின் அட்டையில் பன்னிரண்டாம் வாரத்தில் 104/66, இருபதாம் வாரத்தில் 100/64 என்று எழுதப்பட்டிருந்தது. அந்த அட்டையை நான் திருப்பூர் வீட்டு அலமாரியில் விட்டுவிட்டு வந்தேன். ஊருக்கு அருகிலிருந்த தனியார் மருத்துவமனையில் புதிய கோப்பு தொடங்கினார்கள். முதல் முறை 128/84, அடுத்த முறை 136/88. இரண்டும் 140/90 என்ற எல்லைக்குக் கீழே இருந்ததால் "நார்மல்" என்று எழுதிக் கொடுத்தார்கள். தனியாகப் பார்த்தால் அது தவறில்லை. 100/64இல் இருந்த பெண் 136/88க்கு ஏறியிருக்கிறாள் என்பது அவர்களுக்குத் தெரிய வழி இல்லை. எனக்குத் தெரிந்திருந்தும் அதன் பொருள் புரியவில்லை. கர்ப்பத்தின் நடுப்பகுதியில் இரத்தக் குழாய்கள் தளர்ந்து அழுத்தம் இயல்பாகவே சற்று இறங்கும் என்பதால், அந்தப் பழைய எண்தான் பின்னால் வரும் ஏற்றத்தை அளக்கும் அடிக்கோடு.

தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்ற நம் வழக்கத்தில் அன்பு நிறைய இருக்கிறது, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இரத்த அழுத்தம் ஏறத் தொடங்கும் அதே ஏழாம், எட்டாம் மாதங்களில்தான் ஊரும் மருத்துவரும் கோப்பும் மாறுகின்றன. குழந்தை பிறந்து சில வாரங்களில் திரும்பவும் ஒரு முறை மாறுகின்றன. இந்த இரண்டு மாற்றங்களிலும் சேலையும் பலகாரமும் தவறாமல் போய்ச் சேர்கின்றன. அளவுகள் எழுதிய அட்டை மட்டும் பின்தங்கிவிடுகிறது.

முப்பத்தாறாம் வாரத்தில் 148/96 இருந்தது. நான்கு மணி நேரம் கழித்து மறுபடி பார்த்தபோதும் குறையவில்லை. சிறுநீரில் புரதம் இருந்தது. இருபது வாரத்துக்குப் பிறகு 140/90க்கு மேல் ஏறும் அழுத்தத்தோடு சிறுநீரில் புரதமோ, கல்லீரல், சிறுநீரகம், இரத்தத் தட்டணுக்கள் ஆகியவற்றில் பாதிப்போ சேர்ந்தால் அதைப் பிரிஎக்லாம்ப்சியா என்கிறார்கள். அழுத்தத்தைக் குறைக்கும் லாபெட்டலால் மாத்திரை தொடங்கி, முப்பத்தேழாம் வாரம் தொடங்கியதும் வலி வர மருந்து கொடுத்தார்கள். ஐப்பசியில் ஒரு அடைமழை நாளில் 2 கிலோ 300 கிராம் எடையோடு என் மகள் பிறந்தாள். மறுநாள் எனக்கு 126/80. "பிள்ளை வெளியே வந்துவிட்டது, இனி பி.பி. தானாக இறங்கிவிடும்" என்று சொல்லி மாத்திரையை நிறுத்தி, மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். வெளியேற்றச் சீட்டில் தையல் பிரிக்கும் தேதியும் குழந்தையின் தடுப்பூசித் தேதியும் இருந்தன. என் இரத்த அழுத்தத்தை மறுபடி எப்போது பார்க்க வேண்டும் என்று ஒரு வரி கூட இல்லை.

கர்ப்பத்தின்போது இரத்தக் குழாய்களுக்கு வெளியே திசுக்களில் தேங்கியிருந்த நீர், பிரசவத்துக்குப் பின் சில நாட்களில் திரும்ப இரத்தத்துக்குள் வருகிறது. அதனால் பிரசவமான உடனே இறங்கியது போலத் தோன்றும் அழுத்தம், மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாளுக்குள் உச்சத்தைத் தொடுகிறது. பெண் வீட்டுக்கு வந்து, மருத்துவமனையின் கண்ணிலிருந்து விலகி, வீட்டார் எல்லோரும் தொட்டிலைச் சுற்றி நிற்கும் நாட்களும் அவையே.

ஐந்தாம் நாள் மாலையில் எனக்குப் பிடரியிலிருந்து நெற்றி வரை தலைவலி தொடங்கியது. தூக்கம் கெட்டதால் என்றார்கள். தலைக்கு ஊற்றிய நீர் கோத்துக்கொண்டது என்று நொச்சி இலை போட்டு ஆவி பிடிக்க வைத்தார்கள். பால் சுரப்பதற்கென்று அந்த மூன்று நாட்களும் இரு வேளை கருவாட்டுக் குழம்பு. அதில் எவ்வளவு உப்பு இருக்கும் என்று யாரும் யோசிக்கவில்லை. ஆறாம் நாள் விடியலில், விலா எலும்புக்குக் கீழே வலப்புறம் யாரோ கையால் அழுத்துவது போன்ற வலி வந்தது. வாய்வு என்று நினைத்து ஓம நீர் குடித்தேன். குழந்தைக்குப் பால் கொடுக்கக் குனிந்தபோது, அதன் முகத்தின் மேல் சிறு சிறு வெள்ளிப் பொட்டுகள் மின்னி மின்னி மறைந்தன. விளக்கைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் தெரியுமே, அது போல. ஆனால் அறையில் அப்போது விளக்கு எரியவில்லை.

எங்கள் கிராம சுகாதார செவிலியர் குழந்தையை எடை பார்ப்பதற்காக அன்று காலை பத்து மணிக்கு வந்தார். எடையைக் குறித்துக்கொண்டவர் என் முகத்தைப் பார்த்து, "ஏம்மா, முகம் ஏன் இப்படி உப்பியிருக்கு? தலைவலி இருக்கா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் பையிலிருந்து கருவியை எடுத்துக் கையில் சுற்றினார். 178/116. ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வைத்து மறுபடி பார்த்தார். 174/114. அதற்குப் பிறகு அவர் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. 108க்கு அழைத்து, குழந்தையையும் என்னோடு வண்டியில் ஏற்றி, திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பி வைத்தார். 160/110ஐத் தாண்டிய அழுத்தம் பதினைந்து நிமிடம் நீடித்தாலே அது அவசர நிலை என்பதை நான் பிறகு தெரிந்துகொண்டேன். இன்று நான் இதை எழுதிக்கொண்டிருப்பதற்கு அந்தச் செவிலியர் அம்மாவே காரணம்.

அங்கே எனக்கு, இந்த நோயில் வரக்கூடிய வலிப்பைத் தடுக்கும் மக்னீசியம் சல்பேட் போட்டார்கள். நரம்பில் மருந்து ஏறத் தொடங்கியதும் தொண்டையிலிருந்து கால் விரல் வரை அடுப்பருகே நிற்பது போன்ற வெப்பம் பரவியது. அதன் பின் இரண்டு பிட்டங்களிலும் ஆழமாக ஊசி. பயிற்சி மருத்துவரான ஒரு பெண், ரப்பர் சுத்தியலால் என் முழங்காலைத் தட்டி அது துள்ளுகிறதா என்று பார்ப்பார். மூச்சு நிமிடத்துக்குப் பதினாறுக்குக் குறையாமல் இருக்கிறதா என்று மார்பைப் பார்த்தபடியே எண்ணுவார். சிறுநீர்ப் பையில் மணிக்கு எத்தனை மில்லி என்று குறிப்பார். மருந்து உடலில் அதிகமானால் முதலில் அடங்குவது முழங்காலின் அந்தத் துள்ளல்தான் என்றும், அப்படி ஆனால் கொடுக்க மாற்று மருந்தான கால்சியம் குளுகோனேட் தட்டிலேயே இருக்கிறது என்றும் எனக்குப் புரியும்படி சொன்னார். அந்த இருபத்து நான்கு மணி நேரமும் அவர் தூங்கியதாகத் தெரியவில்லை. எனக்கு வலிப்பு வரவில்லை. 33 நாடுகளில் சுமார் 10,000 பெண்களிடம் நடத்தப்பட்டு 2002இல் வெளியான மேக்பை ஆய்வு, இந்த மலிவான உப்பு மருந்து வலிப்பு வரும் வாய்ப்பைப் பாதிக்கும் கீழே குறைக்கிறது என்று காட்டியது.

மறுநாள் அம்மா என் கட்டிலருகே அமர்ந்து, அதுவரை எங்களிடம் சொல்லாத ஒன்றைச் சொன்னார். எழுபதுகளின் கடைசியில் என் பெரியம்மா தலைப்பிள்ளை பெற்ற ஆறாம் நாள் "ஜன்னி கண்டு" இறந்துபோனார். குளிர் காற்று பட்டதால் என்றே குடும்பத்தில் நம்பி வந்திருக்கிறார்கள். அது என்ன நோய் என்று இப்போது யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. என் அம்மாவுக்கும் என்னைச் சுமந்தபோது "நீர் போட்டு" உடம்பு ஊதியிருந்ததாம். தாய்க்கோ உடன்பிறந்தவளுக்கோ இந்த நோய் வந்திருந்தால் அந்தப் பெண்ணுக்கும் வாய்ப்பு அதிகம் என்பதால், முதல் பரிசோதனையிலேயே மருத்துவரிடம் சொல்ல வேண்டிய செய்தி இது. உங்கள் வீட்டில் "ஜன்னி", "நீர் போட்டது", "பிரசவத்தில் கண் இருண்டது" என்ற சொற்கள் எங்காவது ஒளிந்திருந்தால், கர்ப்பம் தரிக்கும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஏன் இப்படி ஆகிறது என்று பின்னாளில் நிறையப் படித்தேன். கர்ப்பத்தின் தொடக்கத்தில் கருப்பைச் சுவரிலுள்ள சுருள் தமனிகள் அகன்று, நஞ்சுக்கொடிக்குத் தாராளமாக இரத்தம் விட வேண்டும். சிலருக்கு அவை சரியாக அகலுவதில்லை. இரத்தம் போதாத நஞ்சுக்கொடி சில புரதங்களைத் தாயின் இரத்தத்தில் கொட்டுகிறது. அவை தாயின் இரத்தக் குழாய்களின் உட்சுவரைக் காக்கும் வளர்ச்சிக் காரணிகளைப் பிடித்துக் கட்டிப்போடுகின்றன. உட்சுவர் பழுதடைவதால் குழாய்கள் சுருங்குகின்றன, சிறுநீரகம் புரதத்தைக் கசிய விடுகிறது, கல்லீரல் வலிக்கிறது, கண்ணில் பொறி பறக்கிறது. எனக்குத் தனித்தனியாகத் தோன்றிய தொல்லைகள் எல்லாம் ஒரே இடத்திலிருந்து வந்தவை. இந்தப் புரதங்களில் முதன்மையான ஒன்றை 2003இல் அடையாளம் காட்டிய ஆய்வுக் குழுவை வழிநடத்தியவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா சென்ற சிறுநீரக மருத்துவர் அனந்த் கருமஞ்சி. அதைப் படித்த அன்று எனக்கு ஏற்பட்ட நிறைவை விளக்கத் தெரியவில்லை.

வீடு திரும்பியபோது நிஃபெடிபின் மாத்திரையும், கையில் ஒரு நோட்டும் இருந்தன. காலையும் மாலையும் பார்த்து எழுதினேன். லாபெட்டலால், நிஃபெடிபின், எனலாப்ரில் ஆகியவற்றைச் சாப்பிட்டுக்கொண்டே பால் கொடுக்கலாம். மாத்திரைக்குப் பயந்து பாலை நிறுத்திய பெண்களையும், பாலுக்காக மாத்திரையை நிறுத்திய பெண்களையும் நான் பார்த்திருக்கிறேன், இரண்டுமே தேவையற்றவை. அழுத்தம் படிப்படியாக இறங்கிப் பத்தாம் வாரத்தில் மாத்திரை நின்றது. பன்னிரண்டு வாரம் கழிந்தும் இறங்கவில்லை என்றால் அது நிலையான இரத்த அழுத்த நோய், தொடர் மருத்துவம் வேண்டும். அடுத்த குழந்தைக்கு இடைவெளி விட காப்பர்-டி வைத்துக்கொண்டேன். ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை அழுத்தத்தை ஏற்றக்கூடியது என்பதால் எனக்கு ஏற்றதல்ல என்றார்கள்.

2018இல் இரண்டாவது கர்ப்பம். இந்த முறை முதல் நாளே நோட்டை மேசையில் வைத்தேன். மருத்துவர் அதை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் படித்துவிட்டு, பன்னிரண்டாம் வாரத்திலிருந்து இரவில் 150 மில்லிகிராம் ஆஸ்பிரின் எழுதிக் கொடுத்தார். முப்பத்தாறாம் வாரம் வரை சாப்பிட்டேன். 2017இல் வெளியான ஆய்வொன்றில், ஆபத்து அதிகமுள்ள பெண்களுக்கு இப்படிக் கொடுத்தபோது, முப்பத்தேழு வாரத்துக்கு முன் வரும் பிரிஎக்லாம்ப்சியா 62 சதவீதம் குறைந்தது. பதினாறு வாரத்துக்கு முன் தொடங்கினால்தான் பலன் மிகுதி. யாரும் இதைத் தாமாகக் கடையில் வாங்கிச் சாப்பிட வேண்டாம், ஆனால் "எனக்கு ஆஸ்பிரின் தேவைப்படுமா?" என்று மூன்றாம் மாதத்துக்குள் கேட்பது உங்கள் உரிமை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் கால்சியம் மாத்திரையையும் ஒரு நாள் விடாமல் சாப்பிட்டேன். பால், தயிர், கேழ்வரகு குறைவாகச் சாப்பிடும் பெண்களுக்கு அது இந்த நோயின் வாய்ப்பைக் குறைக்கிறது. சத்து மாத்திரைதானே என்று பரணில் போடுபவர்கள் அதை அறிய வேண்டும்.

அந்த முறை நான் தாய் வீட்டுக்குப் போகவில்லை. அம்மாவுக்கு அது பெரிய மனத்தாங்கல். "ஊர்ல என்ன சொல்வாங்க?" என்று அழுதார். இரண்டு நாள் பேசாமல் இருந்தவர், பிறகு தன் உரலையும் மருந்துச் சாமான்களையும் மூட்டை கட்டிக்கொண்டு திருப்பூருக்கு வந்து சேர்ந்தார். கருவாட்டுக்குப் பதில் பூண்டும் சுறாப்புட்டும், உப்பை அளந்து. ஒரே மருத்துவர், ஒரே நோட்டு. முப்பத்தெட்டாம் வாரத்தில் மகன் பிறந்தான். நான்காம் நாள் 152/98 என்று வீட்டிலேயே கண்டுபிடித்தோம்; அன்றே மாத்திரை, மூன்று வாரத்தில் சரியானது. அதே நோய்தான், ஆனால் இம்முறை அது ஒரு தொலைபேசி அழைப்போடு முடிந்தது.

வீட்டில் அளப்பதற்கும் முறை உண்டு. மணிக்கட்டில் கட்டும் கருவி வேண்டாம், மேற்கையில் சுற்றுவது வேண்டும். பட்டை கையின் பருமனுக்குப் பொருந்த வேண்டும்; சிறிய பட்டை அழுத்தத்தைக் கூட்டிக் காட்டும். முதுகு சாய்ந்து, பாதம் தரையில் ஊன்றி, கால் மேல் கால் போடாமல், கை நெஞ்சு மட்டத்தில் மேசை மேல் இருக்க, ஐந்து நிமிடம் அமைதியாக இருந்த பிறகு அளக்க வேண்டும். பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டோ பேசிக்கொண்டோ அளக்கக் கூடாது. வாங்கிய கருவியை ஒரு முறை மருத்துவமனைக்கு எடுத்துச் சென்று அவர்களுடையதோடு ஒப்பிட்டுக்கொள்வது நல்லது. பிரசவத்துக்குப் பின் 150/100ஐத் தொட்டால் அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். 160/110 என்றாலோ, எண் எதுவாக இருந்தாலும் விடாத தலைவலி, கண்ணில் பொறி, மேல்வயிற்று வலி, மூச்சுத் திணறல் ஆகியவற்றில் ஒன்று வந்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. குழந்தை பிறந்து ஆறு வாரம் வரை இது பொருந்தும். போகும் இடத்தில் "எனக்குக் குழந்தை பிறந்து இத்தனை நாள் ஆகிறது" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

இத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். 2022இல், முப்பத்தாறு வயதில், ஒரு சாதாரணக் காய்ச்சலுக்குப் போன இடத்தில் 142/92 இருந்தது. இரண்டு வாரம் வீட்டில் அளந்தும் அதே நிலை. "வேலை அழுத்தமா, தூக்கம் குறைவா?" என்று கேட்ட மருத்துவர், பிரசவத்தைப் பற்றிக் கேட்கவில்லை, நானாகச் சொன்னதும் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். பிரிஎக்லாம்ப்சியா வந்த பெண்களுக்குப் பிற்காலத்தில் நிலையான இரத்த அழுத்த நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்றரை மடங்குக்கும் மேல், மாரடைப்பு போன்ற இதயக் குழாய் நோய்க்கும் பக்கவாதத்துக்கும் ஏறத்தாழ இரு மடங்கு என்று 2007இல் பல ஆய்வுகளைத் தொகுத்துக் கணித்திருக்கிறார்கள். அமெரிக்க இதயக் கழகம் 2011 முதல் இதைப் பெண்களின் இதய நோய்க்கான ஆபத்துக் காரணிகளில் ஒன்றாக எண்ணுகிறது. குழந்தையோடு நஞ்சுக்கொடி வெளியேறிவிட்டாலும், இரத்தக் குழாய்கள் பட்டதை மறப்பதில்லை.

இது பயமுறுத்துவதற்கான செய்தி அல்ல, முன்கூட்டியே கிடைத்த எச்சரிக்கை. ஆண்களுக்கு ஐம்பது வயதில் நெஞ்சு வலியாக வரும் செய்தி எனக்கு இருபத்தெட்டு வயதிலேயே வந்துவிட்டது. ஆக்ஸ்ஃபோர்டில் 220 பெண்களிடம் நடத்தி 2023இல் வெளியிட்ட ஆய்வில், பிரசவத்துக்குப் பின்னான வாரங்களில் வீட்டில் தினமும் அளந்து மருந்தைச் சீர்செய்துகொண்டவர்களுக்கு, ஒன்பது மாதம் கழித்தும் கீழ் அழுத்தம் (இரண்டாவது எண்) மற்றவர்களைவிட ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் குறைவாக இருந்தது. ஆக அந்தச் சில வாரக் கவனிப்பு அந்தச் சில வாரங்களுக்கானது மட்டுமல்ல. இப்போது நான் தினமும் அம்லோடிபின் 5 மில்லிகிராம் சாப்பிடுகிறேன். ஆண்டுக்கு ஒரு முறை சர்க்கரை, கொழுப்பு, சிறுநீரில் புரதம் பார்க்கிறேன். மாலையில் முக்கால் மணி நேரம் நடக்கிறேன். அப்பளமும் ஊறுகாயும் பண்டிகைக்கு மட்டும். இன்னொரு பிள்ளைக்கு எண்ணமுள்ள பெண்கள், டெல்மிசார்டன், எனலாப்ரில் போன்ற மாத்திரைகள் கருவுக்குக் கேடு செய்யும் என்பதால், கர்ப்பத்துக்கு முன்பே மருத்துவரிடம் பேசி மாற்றிக்கொள்ள வேண்டும்.

சென்ற மாதம் என் சித்தி மகளுக்கு மதுரையில் குழந்தை பிறந்தது. அவளுடைய வளைகாப்புக்கு நான் எடுத்துச் சென்ற சீரில் ஒரு அழுத்தம் பார்க்கும் கருவியும், அவளுடைய பழைய அளவுகளை முதல் பக்கத்தில் எழுதிய நோட்டும் இருந்தன. பிரசவமான ஐந்தாம் நாள் இரவு ஒன்பது மணிக்கு அழைத்தாள். "அக்கா, 146/94 காட்டுது. தலைவலி இல்ல. ஆனா மத்தியானம் 138 இருந்துச்சு." படுக்கும் முன் இன்னொரு முறை பார்க்கச் சொன்னேன், 150/96. மருத்துவமனைக்குப் பேசினாள். காலையில் மாத்திரை தொடங்கினார்கள். இன்று அவள் அனுப்பிய அளவு 128/82. நோட்டில் பதினாறாவது பக்கம் போய்க்கொண்டிருக்கிறது.